ஏர் இழுக்கும் சத்தம்

இத்தாலிய மோட்டார் சைக்கிள் என்றதும் விவரம் தெரிந்தவர்கள் டுகாட்டி என்பார்கள், மோட்டோ குஸ்ஸி என்பார்கள். திருவனந்தபுரத்தின் மேடுபள்ளங்களில் அவை ஓடிப் பழகியவை அல்ல. இந்த ஊருக்கு இத்தாலி வேறு பெயர்களில் வந்தது: பஜாஜ், சேத்தக், விஜய் சூப்பர், எல்.எம்.எல். வெஸ்பா, லூனா. செக்ரட்டேரியட் குமாஸ்தாவையும், ஆ. மாதவன் கதைகளில் வரும் சாலைக் கடைத்தெருவின் மண்டிக்காரரையும், முன்னால் ஒரு பிள்ளை நின்றுகொள்ளப் பின்னால் மனைவி ஒருக்களித்து உட்கார்ந்த தும்பா ராக்கெட் நிலையத் தொழில்நுட்பரையும் அவை பல ஆண்டுகள் சுமந்தன. அந்த வண்டிகளின் பூர்வீகம் போன்தெதெராவும் மிலானும் என்பது ஓட்டியவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. ரிப்பேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். டெல்லோர்ட்டோ என்ற இத்தாலிய நிறுவனத்தின் வடிவத்தில் இங்கே வார்த்த கார்புரேட்டரை ஆயிரம் முறை கழற்றி மாட்டியவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றியும் அவர்களுடைய காதுகளைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் இயந்திரம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற இத்தாலிக்கு விமானம் செய்யத் தடை வந்தது. விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ, அகுஸ்தா, ஏர்மாக்கி ஆகிய நிறுவனங்கள் தொழிலாளர்களையும் பொறியாளர்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு சக்கரங்களின் பக்கம் திரும்பின. பியாஜியோவில் இருந்த கொராதினோ தஸ்கானியோ ஹெலிகாப்டர் வடிவமைத்தவர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. உட்கார வசதியில்லை, செயின் கிரீஸ் துணியில் படுகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்று அவருக்குக் குறைகள். பிடிக்காதவர் செய்ததால்தான் வெஸ்பா அப்படி வந்தது என்று நினைக்கிறேன். 1946 ஏப்ரல் 23 அன்று காப்புரிமைக்குக் கொடுத்த அந்த வடிவத்தில் செயின் இல்லை. எஞ்சினும் கியரும் பின்சக்கரத்தோடு ஒட்டியே இருந்தன. தகட்டு உடம்பே சட்டகம். முன்சக்கரம், விமானத்தின் இறங்குசக்கரத்தைப் போல, ஒற்றைக் கையில் தொங்கியது.

பஞ்சர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வெஸ்பா வழிவந்த சேத்தக்கின் சக்கரத்தில் ஐந்து நட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே சக்கரம். அதனால் ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். அந்தச் சக்கரத்தின் ரிம் இரண்டு பாதிகளாகச் செய்து நட்டுகளால் இணைக்கப்பட்டது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு அந்த நட்டுகளையும் கழற்றினால் ரிம் இரண்டாகப் பிரியும், டியூப் வெளியே வரும். நெம்புகோல் வேண்டாம், பலம் வேண்டாம். காற்றை இறக்காமல் பிரித்தால் மட்டும் ஆபத்து. ஒரு பொருளைச் செய்கிறவன், அது ஒருநாள் நடுவழியில் பழுதாகும் என்பதையும் அதைச் சரிசெய்யப்போகிறவன் வேட்டியோ பேண்ட்டோ கட்டிய சாதாரண மனிதன் என்பதையும் முன்கூட்டியே மனத்தில் வைத்துச் செய்திருக்கிறான். பழுதை ஒப்புக்கொள்ளும் இந்த மரியாதைதான் பழைய இத்தாலிய வண்டிகளில் என்னை ஈர்ப்பது. இன்றைய பொருள்கள் பழுதே ஆகாது என்று சொல்லி விற்கப்படுகின்றன. ஆனபிறகு திறக்க முடியாதபடி மூடப்பட்டிருக்கின்றன.

லாம்ப்ரெட்டாவின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. பெர்தினாந்தோ இன்னொசென்டி குழாய் வியாபாரி. கட்டடச் சாரத்துக்கு இரும்புக் குழாய் செய்து முன்னேறியவர். மிலான் புறநகரான லாம்ப்ராத்தேயில் இருந்த அவருடைய தொழிற்சாலையில் 1947-இல் லாம்ப்ரெட்டா பிறந்தபோது அதன் முதுகெலும்பும் குழாய்தான். தகடுகள் அதன்மேல் போர்த்தியவை. பம்பாயின் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1950-களிலேயே அதை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் இன்னொசென்டி லாம்ப்ரெட்டாவைக் கைவிட்டதும், இந்திய அரசு அதன் இயந்திரங்கள், அச்சுகள், வரைபடங்கள், உரிமை எல்லாவற்றையும் வாங்கியது. 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா தொடங்கப்பட்டது. 1970-களின் நடுவில் அங்கிருந்து வந்ததுதான் விஜய் சூப்பர். மிலானில் ஓய்ந்துபோன அச்சுகள் உத்தரப்பிரதேசத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக லாம்ப்ரெட்டா வார்த்துக்கொண்டிருந்தன. இன்றைக்கும் இங்கிலாந்திலோ இத்தாலியிலோ பழைய லாம்ப்ரெட்டாவைப் புதுப்பிக்கிறவன் வாங்கும் உதிரிபாகங்களில் பல இந்தியாவில் செய்தவை. ஸ்கூட்டர்ஸ் இந்தியாவை மூடிவிடுவதென்று 2021 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. பத்திரிகைகளில் அது நட்டத்தில் ஓடிய ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணக்கு முடிப்பாக வந்தது. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் உலகத்தில் கடைசியாக அந்த வண்டியைச் செய்யத் தெரிந்திருந்தவர்கள் நாம்தான் என்பதை ஒருவரும் எழுதவில்லை.

பஜாஜின் வழி வேறு. 1960-இல் பியாஜியோவோடு உரிமம், 1971-இல் அது முடிந்தது, அடுத்த வருடம் சேத்தக். வண்டிக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுதவேண்டியது இதுதான்: உரிமம் போனபிறகும் அந்த எஞ்சினின் அடிப்படை மாறவில்லை. 57 மில்லிமீட்டர் அகலமும் 57 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட சதுர எஞ்சின், 145.45 சிசி. அதனால் சேத்தக்கை ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வைத்துக்கொண்டு தொழில் தெரிந்த ஒரு மனிதர் மரத்தடியில் பிரித்துப் பூட்ட முடிந்தது.

அப்படி ஒருவர் கிள்ளிப்பாலத்துப் பக்கம் இருக்கிறார். மார்த்தாண்டத்துக்காரர். சிறு வயதிலேயே ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க வந்து, இப்போது கையில் விரல்ரேகை தேய்ந்த வயது. இந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் ஆசான். தமிழில் திட்டுவார், மலையாளத்தில் விலை சொல்வார். என் சேத்தக் அவரிடம்தான் போகும்.

ஒருநாள் வண்டி திடீரென்று வேகமாக ஓடுவதுபோல் இருந்தது. ஆக்ஸிலேட்டரை மூடினாலும் எஞ்சின் உடனே இறங்கவில்லை. கொஞ்சம் கூவிவிட்டுத்தான் அடங்கியது. எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆசான் வண்டியைத் தொடவில்லை. நான் தெருமுனையில் திரும்பி வந்த சத்தத்தைக் கேட்டே, "நிறுத்துங்க சாரே, ஏர் இழுக்குது" என்றார். ஸ்டாண்டில் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சோக்கை இழுத்தார். கூவல் சட்டென்று அடங்கி எஞ்சின் தணிந்து ஓடியது. "பாத்தீங்களா, பெட்ரோல் கூடுதலாக் குடுத்தா அடங்குது. அப்போ அதுக்குக் காத்துதான் கூடிப்போச்சு. மேக்னெட் பக்கத்து சீல்."

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் முழுப் பாடமும் இருக்கிறது. இந்த எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேரே சிலிண்டருக்குள் போவதில்லை. முதலில் கீழே கிராங்க் அறைக்குள் போகிறது. பிஸ்டன் இறங்கும்போது அங்கிருந்து அழுத்தப்பட்டு மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்க் அறை ஒரு பம்பு. பம்பில் ஓட்டை இருக்கக்கூடாது. சுழலும் கிராங்கின் இரண்டு முனைகளிலும் அந்த அறையை மூடிக் காப்பது விரலகலம்கூட இல்லாத இரண்டு ரப்பர் வளையங்கள்தான். மேக்னெட் பக்கத்து வளையம் காய்ந்து இறுகினால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும், எஞ்சின் கூவும். ஓட்டுகிறவனுக்கு வண்டிக்குப் புது உயிர் வந்ததுபோல் இருக்கும். இந்த எஞ்சினுக்கு எண்ணெயும் அந்தப் பெட்ரோலோடுதான் வரவேண்டும் என்பதால், பெட்ரோல் குறைந்தால் வழவழப்பும் குறையும். நீண்ட ஏற்றம் ஒன்றில், உச்சி வெயிலில், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்; பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். கிளட்ச் பக்கத்து வளையம் போனால் அறிகுறி வேறு: கியர் பெட்டியின் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சும், சைலன்சரில் வெள்ளையாய்த் தடித்த புகை, பிளக் ஈரமாய்க் கறுத்திருக்கும். ஒன்று சத்தமாகத் தெரியும், மற்றது கண்ணுக்குத் தெரியும்.

ஆசான் ஃப்ளைவீலைப் புல்லர் போட்டு இழுத்தார். உள்ளே ஸ்டேட்டர் பிளேட். அதைக் கழற்றும் முன் பிளேட்டின் விளிம்பிலிருந்து எஞ்சின் உடம்புவரை ஆணியால் ஒரு சிறு கோடு கீறினார். திரும்ப மாட்டும்போது இரண்டு பாதிக் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் டைமிங் மாறவில்லை என்று பொருள். என் வண்டியில் அந்த இடத்தில் பழைய கோடு ஒன்று ஏற்கெனவே இருந்தது, வேறு யாரோ வேறு ஏதோ வருடத்தில் கீறியது. ஆசான் அதைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்து, "நல்ல ஆளு பாத்திருக்கான்" என்றார். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால், இருப்பிடம் கீறாமல், கெல்லி எடுத்தார். புதியதன் உதட்டில் எண்ணெய் தடவி, அதே அகலமுள்ள ஒரு சாக்கெட்டை மேலே வைத்து நாலு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் சுற்றிலும் பார்வை. சீலின் விலை ஒரு சாப்பாட்டு விலை. அதைக் கண்டுபிடித்த காதுக்கு நாம் விலை வைப்பதே இல்லை. கூலி கேட்டால் "ஒரு ரப்பர் மாட்டியதற்கா" என்கிற மனிதர்களை அந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் பற்றியும் சொல்லவேண்டும். இக்னிஷன் பாயிண்டின் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். கருகிய முனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்து, அந்த இடைவெளியை வைக்கவேண்டும். அளக்க ஃபீலர் கேஜ் உண்டு. ஆசானிடமும் உண்டு, டப்பாவில் தூங்குகிறது. அவர் பையிலிருந்து எடுப்பது ஏதோ ஒரு நகைக்கடையின் விசிட்டிங் கார்டு. அதன் தடிமன் ஏறக்குறைய அதே அளவுதான். உள்ளே விட்டு இழுக்கும்போது விரலுக்குக் கிடைக்கும் பிடிமானத்தை வைத்தே முடிவு செய்கிறார். இதை நாட்டு வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வண்டி நெடுமங்காட்டுக்கு அப்பால் மழையில் நிற்கும்போது சட்டைப்பையில் இருக்கப்போவது விசிட்டிங் கார்டுதான். காலையில் வண்டியைச் சாய்த்து நிமிர்த்திக் கிக்கர் அடிக்கும் பழக்கமும் அப்படித்தான். சாய்க்கையில் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் கொஞ்சம் உள்ளே வழியும். குளிர்ந்த எஞ்சினுக்கு அந்தக் கூடுதல் போதும். அதை எந்தக் கையேடும் நம் அப்பாக்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இந்த ஊரின் பருவம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. இடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு மழை. இடையில் சங்குமுகத்திலிருந்து வீசும் உப்புக்காற்று. வெஸ்பா வழி வண்டிகளில் உடம்பே சட்டகம் என்றேன். கால் வைக்கும் தளத்தின் ரப்பர் பாய்க்கு அடியில் மழைநீர் தங்கி, தகடு உள்ளிருந்தே தின்னப்படும்போது, அரிபடுவது எலும்பு. மேலே பெயின்ட் பளபளக்கும். பாயைத் தூக்கினால் தார்ச்சாலை தெரியும். லாம்ப்ரெட்டா வழி வண்டிகளுக்குக் குழாய் முதுகு இருப்பதால் தகடு போனாலும் வண்டி நிற்கும். மழைக்காலம் தொடங்குமுன் பாயைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. அழகு குறையும், வண்டி இருக்கும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் இரும்பு டேங்க் உள்ளே சிவக்கிறது, பழைய ரப்பர்க் குழாய் ஊதி இளகுகிறது, மிதவை ஊசி ஒட்டிக்கொள்கிறது. டேங்க்கைக் கழற்றி, டீசலும் கைப்பிடி சரளையும் போட்டுக் குலுக்கி, துருவை உதிர்ப்பது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. வண்டியை அடிக்கடி ஓட்டுவதும், நிறுத்தப்போகிறோம் என்று தெரிந்தால் பெட்ரோலை வடித்துவிடுவதும்தான் வழி.

ஓட்டுவது என்றதும் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அழுக்கானது. வெளியேறும் வாசலும் நுழையும் வாசலும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் எரியாத பெட்ரோல் புகையோடு நழுவிப் போகிறது. எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. 2000-க்குப் பிந்தைய புகை விதிகள் இவற்றை ஓரங்கட்டியது சரியே. நகரம் முழுக்க மறுபடியும் சேத்தக் ஓடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நன்றாகப் பராமரித்த டூ ஸ்ட்ரோக்குக்கும் கவனிப்பாரற்றதற்கும் புகையில் இருக்கும் வித்தியாசம் கண்ணால் பார்க்கக்கூடியது. கையளவு எண்ணெயைக் குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கம்தான் பாதிப் புகைக்குக் காரணம்.

சட்டம் இந்த வண்டிகளைப் பார்க்கும் விதம் எனக்கு வருத்தம் தருகிறது. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2021-இல் வந்த மத்திய விதி, ஐம்பது வருடத்துக்கு மேலான, மூல வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று ஏற்று, எண்பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளைத் தருகிறது. கௌரவம்தான். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இப்படிச் சில காரியங்களுக்கு மட்டும் வெளியே வரலாம். வண்டியைக் காப்பாற்றிவிட்டு அதன் வேலையை எடுத்துவிடுகிறோம். வேலை போனால் பட்டறையும் போகும். வருடத்தில் இருமுறை ஊர்வலம் போகும் வண்டி ஏர் இழுக்க ஆரம்பித்தாலும் அது யார் காதிலும் விழாது.

சேகரிப்பாளர்களின் 'மூலம்' பற்றிய பிடிவாதமும் இதைச் சேர்ந்ததுதான். ஒரு காலத்தில் இந்திய வியாபாரிகள் பழைய வெஸ்பாக்களுக்கும் லாம்ப்ரெட்டாக்களுக்கும் இரட்டை வண்ணம் பூசி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். உள்ளே புட்டியும் பொருந்தாத பாகங்களும் இருந்ததால் அங்கே இந்திய வண்டி என்றாலே எச்சரிக்கை என்றாகிவிட்டது. கண்ணுக்காகச் செய்த வேலை அது; அதற்கு நான் பரிந்து பேசமாட்டேன். அதே சமயம், லேத்தில் கடைந்த புஷ்ஷும், ஆட்டோவிலிருந்து எடுத்துப் பொருத்திய கேபிளும் கொண்டு தினமும் ஓடும் ஒரு விஜய் சூப்பரை 'கெடுத்துவிட்டார்கள்' என்பவர்களையும் ஏற்கமாட்டேன். இன்னொசென்டியின் ஆட்களே அச்சுகளை விற்றுவிட்டுப் போனபிறகு, அந்த வண்டிக்கு எது சரி என்று முடிவு செய்யும் உரிமை அதை ஓடவைத்தவர்களுடையது.

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஆறாலுமூட்டில் கேரளா ஆட்டோமொபைல்ஸ் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய அரசு நிறுவனம், மூன்று சக்கர வண்டிகள் செய்வது. 2019-இல் அது நீம் ஜி என்ற மின் ஆட்டோவைக் கொண்டுவந்தது. ஆட்டோவின் மூதாதையும் இத்தாலிதான், பியாஜியோ 1948-இல் செய்த ஆப்பெ. மின்வண்டிகள் வரவேண்டியவை. அவற்றின் பேட்டரிப் பெட்டியையும் கன்ட்ரோலரையும் கிள்ளிப்பாலத்தில் ஒருவர் திறந்து பார்க்கும்படி செய்வார்களா என்பதே என் கேள்வி. தஸ்கானியோ பஞ்சரை நினைத்துச் சக்கரம் செய்ததுபோல, செல் செத்துப்போவதை நினைத்துப் பெட்டி செய்ய இங்கே பொறியாளர்கள் இல்லாமல் இல்லை.

ஆசானிடம் வேலை பழக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு ஸ்கேனர் வைத்துப் பிழைக்குறி படிக்கும் வேலை தெரிந்தால்தான் சம்பளம், அதில் தவறில்லை. சில மாதங்களாக ஒரு பொறியியல் மாணவன் சனிக்கிழமைகளில் வருகிறான். தாத்தாவின் லாம்பி (லாம்ப்ரெட்டா) வீட்டுத் தொழுவத்தில் கிடந்ததாம். ஆசான் அவனுக்கு ஸ்பேனர் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை கொடுத்தார்: பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் ஆக்ஸிலேட்டரையும் திருகி விட்டு, சத்தம் எப்படி இறங்குகிறது என்று சொல்லவேண்டும். முதலில் எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது அவனுக்கு. இப்போது மூன்றில் இரண்டைச் சரியாகச் சொல்கிறான்.

தொழிற்சாலைக் கையேடு இறுக்கும் அளவுகளைச் சொல்லும். கூவல் எப்படி இருக்கும் என்று சொல்லாது. ஆகவே ஆசான் சொல்வதை நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலையாளம், நடுவில் பையன் எடுக்கும் படங்கள். ஸ்டேட்டர் பிளேட்டில் கோடு கீறுவது முதல் பக்கமாக முடிந்தது. இரண்டாம் பக்கம் பாயிண்ட். அதில் இன்னும் சண்டை தீரவில்லை: 0.4 என்று போட்டு ஃபீலர் கேஜ் படத்தையும் போடச் சொல்கிறான் பையன். விசிட்டிங் கார்டை மட்டும் போட்டால் போதும், அதுதான் எல்லார் கையிலும் இருக்கும் என்கிறார் ஆசான். இரண்டையும் போடப்போகிறேன்.